காண்ட்ராக்ட் வேலையை விட்டுச் சொந்தத் தொழில்: டெல்டாக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மன்னார்குடிப் பக்கம் மோட்டார் வைண்டிங் பட்டறை (எரிந்த மோட்டாருக்குப் புதுக் காயில் சுற்றுகிற இடம்) வைத்திருக்கிறேன். அதற்கு முன் ஒரு பெரிய ஆலையில் காண்ட்ராக்டர்களிடம் எலக்ட்ரீஷியனாக இருந்தேன். கேட் பாஸில் ஆலையின் பெயர், சம்பளச் சீட்டில் காண்ட்ராக்டரின் பெயர் என்று ஓடுகிற அந்தப் பிழைப்பு தெரிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். பட்டறைக்கு வருகிற தம்பிகள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்தான் இவை. உதாரணமெல்லாம் என் தொழிலிலிருந்தே வரும். லோடு வண்டி, மாவு மில், சமையல் காண்ட்ராக்ட் என்று போக நினைப்பவர்கள் கணக்கைத் தங்கள் தொழிலுக்கு மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

வேலையை எந்த மாதத்தில் விடுவது?

எல்லோரும் ‘எவ்வளவு பணத்தோடு விடுவது’ என்றுதான் கேட்பார்கள். நம் ஊரில் அதைவிட முக்கியம் எப்போது விடுவது என்பது.

சம்பளம் மாதாமாதம் வரும். டெல்டாவில் பணம் அப்படி நடமாடுவதில்லை. குறுவை அறுப்பு முடிந்து புரட்டாசி, ஐப்பசியில் கொஞ்சம் வரும். சம்பா, தாளடி அறுப்பு முடிந்து தை முதல் பங்குனி வரை நிறைய வரும். கொள்முதல் நிலையத்தில் சிப்பம் எடை போட்டு, விவசாயியின் கணக்கில் பணம் ஏறினால்தான் துணிக்கடையிலிருந்து பஞ்சர் கடை வரை வசூல் ஆகும். வாடிக்கையாளர் விவசாயியாக இல்லாவிட்டாலும் இதே கதைதான். வாத்தியாரும் வங்கி ஊழியரும் மட்டும் வருகிற கடை என்று ஒன்று இங்கே கிடையாது.

இங்கே வழக்கமாக நடப்பது என்ன தெரியுமா? தீபாவளி போனஸ் கைக்கு வரட்டும் என்று காத்திருந்து, வாங்கின கையோடு வேலையை விடுவார்கள். அதற்குள் வடகிழக்கு மழை பிடித்துவிடும். வயலெல்லாம் தண்ணீர் நிற்கும், பம்புசெட் ஓடாது, ஊரில் யார் கையிலும் காசு இருக்காது. கடை திறந்த முதல் மூன்று மாதம் வாடகை மட்டும் போய்க்கொண்டிருக்கும். போனஸ் வரட்டும், வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் தை வரை ஷிப்டுக்குப் போய்க்கொண்டே இருங்கள். என் தொழிலுக்கு மாசி, பங்குனிதான் சரியான நேரம். அறுப்புப் பணம் ஊரில் இருக்கும்; கோடைக்கு முன் மோட்டாரைத் தூக்கிச் சரி பார்த்து வைக்கலாம் என்று ஆட்களும் வருவார்கள். பந்தல், சமையல் தொழில் என்றால் முகூர்த்த மாதங்களைப் பார்க்க வேண்டும். ஆடியில் போய்க் கடை திறக்காதீர்கள்.

சரி, கையில் எவ்வளவு இருக்க வேண்டும்?

மூன்று கணக்காகப் பிரியுங்கள். ஒன்று, சாமான், கருவி, அட்வான்ஸ். இரண்டு, ஒரு ரூபாய்கூட வராவிட்டாலும் ஆறு மாதத்துக்கு வீடு ஓடுவதற்கான பணம். மூன்றாவது, கடன் நோட்டில் போய் உட்காரப்போகும் பணம். முதல் கணக்கை எல்லோரும் துல்லியமாகப் போடுவார்கள், இரண்டாவதைப் பாதி போடுவார்கள், மூன்றாவதைப் போட்டு வந்த ஆளை நான் அனேகமாகப் பார்த்ததில்லை.

பேச்சுக்கு ஒரு கணக்கு. ஒரு மோட்டார் வைண்டிங்குக்கு 10,000 ரூபாய் வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். அதில் காப்பர் கம்பி, பேப்பர், வார்னிஷ், பேரிங் என்று 7,000 நீங்கள் ரொக்கம் கொடுத்து வாங்கியது. மாதம் பத்து மோட்டார் வந்து, அதில் நான்கு பேர் ‘அறுப்புக்கு அப்புறம்’ என்றால், மாதம் 28,000 உங்கள் சொந்தக் காசு வெளியே போகிறது. அப்படி நான்கு மாதம் போனால் ஒரு லட்சத்துக்கு மேல். லாபம் போவதை இங்கே கணக்கில் எடுக்கவே இல்லை. இது முதலே முடங்குகிற கணக்கு. கடையில் கூட்டம் இருந்தும் கடைக்காரர் நகையை அடகு வைக்கப் போவது இதனால்தான்.

கடன் கொடுக்காமலே தொழில் செய்ய முடியாதா?

முடியாது. போர்டு வேண்டுமானால் மாட்டிக்கொள்ளலாம். பயிர் காயும்போது எரிந்த மோட்டாரைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருகிறவரிடம் ரொக்கம் இருந்தால்தான் தொடுவேன் என்றால், அடுத்த முறை அவர் மட்டுமல்ல, அவர் தெருவே வராது. கொடுக்கலாமா என்று யோசிப்பதை விட்டுவிட்டு, எந்தப் பகுதியைக் கடனாகக் கொடுப்பது என்று யோசியுங்கள். பொருள் காசு முன்னாலேயே வந்துவிட வேண்டும், கூலி மட்டும் அறுப்புக்கு நிற்கலாம். ‘கம்பிக்கு மட்டும் கொடுத்துட்டுப் போங்க, என் கூலியை அப்புறம் பாத்துக்கலாம்’ என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அவர்களும் உரத்துக்கும் டீசலுக்கும் ரொக்கம் கொடுத்துப் பழகியவர்கள்தான்.

கடன் வசூல் ஆற்றுத் தண்ணீரையும் பொறுத்தது. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கும். 2023இல் அப்படித்தான் திறந்தார்கள். தண்ணீர் போதாமல் அக்டோபர் 10 அன்று மூடிவிட்டார்கள். 2024இல் ஜூலை 28 அன்றுதான் திறந்தது. இப்படித் தண்ணீர் தடுமாறுகிற வருடத்தில் போர்வெல் மோட்டார் இரவும் பகலும் ஓடும், வோல்டேஜ் இறங்கும், காயில் எரியும். பட்டறையில் வேலை குவியும். ஆனால் அதே வருடத்தில்தான் கடைமடைக்காரர் கையில் காசு இருக்காது. வேலை கூடும்போது வசூல் குறைகிற தொழில் இது. அந்த வருடத்தில் கூட்டத்தைப் பார்த்துவிட்டு இரண்டாவது ஆள் வைப்பது, பெரிய இடத்துக்கு மாறுவது எல்லாம் வேண்டாம்.

சொந்தக்காரர் விஷயம் தனி. மாமாவிடம் பொருள் காசு கேட்பது எப்படி என்றால், கேட்க வேண்டாம், அவரையே கம்பி வாங்கி வரச் சொல்லுங்கள். கேஜும் (கம்பியின் தடிமன்) எடையும் எழுதிக் கொடுத்து, கடையையும் சொல்லிவிடுங்கள். உறவும் கெடாது, முதலும் முடங்காது. நோட்டில் தேதி, தொகை, மோட்டார் நம்பர், கையெழுத்து நான்கும் இருக்கட்டும். அண்ணன் தம்பிகளில் யார் தருவது என்று அறுப்புக்கு அப்புறம் சண்டை வரும், அப்போது அந்தக் கையெழுத்து பேசும்.

பி.எஃப். பணத்தை எடுத்துத் தொழிலில் போடலாமா?

அதற்கு முன் பி.எஃப். சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். காண்ட்ராக்ட் ஆட்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஆலை அதேதான், மெஷின் அதேதான், ஆனால் டெண்டர் மாறும்போதெல்லாம் காண்ட்ராக்டர் மாறுவார். ஒவ்வொருவரும் உங்கள் பெயரில் ஒரு மெம்பர் ஐடி, அதாவது தனி பி.எஃப். கணக்கு, திறப்பார்கள். யுஏஎன் (ஆளுக்கு ஒன்று என்று தரும் நிரந்தர பி.எஃப். எண்) ஒன்றாக இருந்தாலும் பணம் நான்கைந்து ஐடியில் சிதறிக் கிடக்கும். சில இடத்தில் யுஏஎன்னே இரண்டு இருக்கும். மத்திய அரசின் உமங் செயலியில் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து, சம்பளச் சீட்டில் பிடித்த மாதமெல்லாம் கட்டப்பட்டிருக்கிறதா என்று மாதவாரியாகப் பாருங்கள். விடுபட்டிருந்தால் வேலையில் இருக்கும்போதே கேளுங்கள். காண்ட்ராக்டர் கட்டாவிட்டால் முதன்மை நிறுவனத்துக்கும், அதாவது ஆலைக்கும், பொறுப்பு உண்டு என்பது சட்டம். ஆனால் கேட்டுக்கு வெளியே நிற்கிற ஆளின் பேச்சு உள்ளே ஏறுவது கஷ்டம். பி.எஃப். அமைப்பின் இணையப் புகார்ப் பகுதியிலும் பதியலாம்.

அடுத்தது, பழைய ஐடிகளையெல்லாம் கடைசி ஐடிக்கு மாற்றுங்கள். சர்வீஸ் ஒன்றாகச் சேருவது ஓய்வூதியத்துக்கு முக்கியம். மொத்தம் 10 ஆண்டு சேர்ந்தால் 58 வயதில் மாத ஓய்வூதியம் உண்டு. ஒன்பது ஆண்டைத் தாண்டி நிற்பவர்கள் தயவுசெய்து பல்லைக் கடித்துக்கொண்டு மிச்ச மாதங்களையும் ஓட்டிவிட்டு வாருங்கள். வேலையை விட்டபின் காண்ட்ராக்டர் வெளியேறிய தேதியைப் பதிவு செய்யாமல் இழுப்பார். கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் ஆனதும் அதை நீங்களே இணையத்தில் பதியலாம், யார் காலிலும் விழ வேண்டாம்.

இனி கேள்விக்கு வருகிறேன். எடுத்துப் போடலாமா? கருவிக்குப் போடலாம். கடன் நோட்டில் போய் உட்காரப்போகும் மூன்றாம் கணக்குக்குப் போடாதீர்கள். கருவியை விற்றால் பாதியாவது வரும்.

பணிக்கொடை (கிராஜுவிட்டி) கிடைக்குமா?

5 ஆண்டு தொடர் பணி இருந்தால், ஆண்டுக்கு 15 நாள் சம்பளக் கணக்கில் கிடைக்கும். காண்ட்ராக்டர் மாறிக்கொண்டே இருந்தவர்களுக்கு ‘என்னிடம் 5 ஆண்டு இல்லையே’ என்ற பதில்தான் வரும். வேலை நியமனத்தில் குறிப்பிட்ட கால ஒப்பந்தம் என்று எழுதி, நிறுவனமே நேரடியாக எடுத்திருந்தால், 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பின்படி ஓராண்டுக்கே பணிக்கொடை உண்டு. காண்ட்ராக்டர் வழியாகப் போனவரும் இவரும் ஒன்றல்ல. கையில் இருக்கும் காகிதத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள்.

இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) உடனே நின்றுவிடுமா? வீட்டில் அம்மாவுக்கு அதில்தான் மருந்து வாங்குகிறேன்.

உடனே நிற்காது. அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டிய சந்தாவுக்கான பலன் காலம் அடுத்த ஜூலை முதல் டிசம்பர் வரை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியதற்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. ஆக, மார்ச் கடைசி வரை வேலை பார்த்துவிட்டு வருகிறவருக்கும் ஜனவரியில் அவசரப்பட்டு வருகிறவருக்கும் கணக்கு வேறுபடும். பங்குனியில் விடுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் சந்தா நாட்களோடு இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொண்டு, மருந்துச் சீட்டுகளை ஒழுங்காக வாங்கி வையுங்கள். அதற்குப் பிறகு, குடும்ப ஆண்டு வருமானம் 1.20 லட்சத்துக்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். அது படுத்துச் சிகிச்சை எடுக்கத்தான் கைகொடுக்கும். மாதாமாதம் வாங்குகிற சர்க்கரை மாத்திரைக்கு வீட்டுச் செலவில் தனியாக ஒதுக்குங்கள்.

மானியக் கடன் எது நல்லது? கடையைத் திறந்துவிட்டு விண்ணப்பிக்கலாமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: வேண்டாம். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் புதிதாகத் தொடங்கும் தொழிலுக்குத்தான். அவசரத்தில் கடையைத் திறந்து, பில் போட்டு, அப்புறம் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போனால் ‘ஏற்கெனவே நடக்கிறதே’ என்று திருப்பிவிடுவார்கள். வேலையில் இருக்கும்போதே திட்ட அறிக்கையும் கொட்டேஷனும் தயார் செய்து, விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு, கடன் ஒப்புதல் வரும்வரை ஷிப்டுக்குப் போங்கள்.

அந்தத் திட்டத்தில் உற்பத்திக்கு 50 லட்சம், சேவைக்கு 20 லட்சம் வரை போகலாம். கிராமப்புறத்தில் பொதுப் பிரிவுக்கு 25 சதவீதம் மானியம். பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் எல்லோரும் சிறப்புப் பிரிவு, அவர்களுக்குக் கிராமத்தில் 35 சதவீதம். சிறப்புப் பிரிவினருக்குச் சொந்தப் பங்கு 5 சதவீதம் போதும். நம் பக்கத்தில் அந்தச் சிறப்புப் பிரிவில் வராதவர்கள் குறைவு, ஆனால் இது தெரியாமல் 25 என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் நிறைய. மானியம் கையில் வராது. வங்கியிலேயே உங்கள் பெயரில் 3 ஆண்டு வைப்பாக இருந்து, பிறகு கடனில் கழியும். அந்த வைப்புக்கு வட்டி கிடையாது, அதே அளவு கடனுக்கும் வட்டி போடமாட்டார்கள். மாதத் தவணையைக் கணக்குப் போடும்போது மானியம் வந்துவிட்டதாக நினைத்துக் கழிக்காதீர்கள்.

மாநில அரசின் வேலையில்லா இளைஞர் திட்டத்தில் 15 லட்சம் வரையான தொழிலுக்கு 25 சதவீதம் மானியம், உச்சவரம்பு 3.75 லட்சம், எட்டாம் வகுப்புத் தேறியிருந்தால் போதும். பட்டியல் இன, பழங்குடியினருக்கு அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மானியத்தோடு 6 சதவீத வட்டி மானியமும் உண்டு. தகுதி உள்ளவர்கள் வேறு எதையும் பார்க்காமல் அதற்கே போங்கள். முத்ரா என்ற சிறுதொழில் கடனில் மானியம் கிடையாது, ஈடும் கேட்கமாட்டார்கள். சிசு என்ற பிரிவு 50,000 வரை, கிஷோர் 5 லட்சம் வரை.

உணவுத் தொழில் என்றால் தஞ்சாவூர் புதுக்கோட்டை சாலையில் இருக்கும் நிஃப்டெம் என்ற உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு ஒரு தடவை போய்விட்டு வாருங்கள். நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமாகத் தொடங்கியது அது. அங்கே இருக்கும் மெஷினில் உங்கள் பொருளைச் செய்து பார்த்துவிட்டு, பிறகு மெஷின் வாங்கலாமா என்று முடிவு செய்யலாம்.

தண்டல், மீட்டர் வட்டி?

வேண்டாம். கந்து வட்டித் தடைச் சட்டம் 2003இலிருந்தே இருக்கிறது. தினமும் காலையில் வண்டியில் வந்து நிற்கிறவருக்கும் அது தெரியும். அவசரம் என்றால் வங்கி நகைக்கடன், அதுவும் திருப்புகிற மாதத்தை அறுப்போடு ஒட்டி வைத்துக்கொண்டு. சம்பளச் சீட்டு இருக்கும்போதே பர்சனல் லோன் போட்டுவிட்டு வேலையை விடுகிறவர்களும் உண்டு. தவணை அடுத்த மாதமே வரும், தொழில் வருமானம் வராது.

பதிவுகள் என்னென்ன?

உத்யம் என்ற சிறுதொழில் பதிவு இலவசம், ஆதாரும் பான் கார்டும் இருந்தால் நீங்களே செய்யலாம். அதற்குப் பணம் கேட்கிற இணையதளம் அரசுடையது இல்லை. ஜி.எஸ்.டி., பொருள் மட்டும் விற்றால் ஆண்டுக்கு 40 லட்சம் வரை தேவையில்லை, சேவையும் கலந்தால் 20 லட்சம். வைண்டிங் பட்டறை இரண்டாவது வகை. ஊராட்சி அல்லது நகராட்சியில் தொழில் உரிமம், தமிழில் பெயர்ப் பலகை. வீட்டு வயரிங் எடுத்துச் செய்வதென்றால் மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் சான்று வேண்டும். கடைக்கு வணிக இணைப்பு வாங்குங்கள். கொல்லையில் இருக்கும் இலவச விவசாய மின்சாரத்திலிருந்து ஒரு கம்பி இழுத்தால் அபராதம் கடையையே சாப்பிட்டுவிடும்.

ஆலையில் கற்ற வேலை கடைக்குப் போதுமா?

பாதி போதும். ஆலையில் மோட்டார் எரிந்தால் கழற்றி, ஸ்டோரிலிருந்து வேறு எடுத்து மாட்டி, ரிப்போர்ட் எழுதுவோம். எரிந்தது எங்கே போனது, எப்படித் திரும்பி வந்தது என்று நமக்குத் தெரியாது. கடையில் அந்த எரிந்ததுதான் தொழிலே.

பழைய காயிலை எடுப்பதையே பாருங்கள். ஒரு பக்க முனையை உளியால் வெட்டி, மறுபக்கமாக இழுத்து எடுக்க வேண்டும். வார்னிஷ் இறுகிப்போய் வராது. சில பையன்கள் ஸ்டேட்டரை (காயில் சுற்றியிருக்கும் இரும்புப் பகுதி) அப்படியே தூக்கித் தீயில் போட்டுவிடுவார்கள். காயில் சுலபமாகக் கழன்று வரும், ஆனால் கோர் தகடுகளுக்கு நடுவே இருக்கும் இன்சுலேஷன் கருகிவிடும். புதுக் காயில் போட்ட பிறகும் மோட்டார் சூடாகிக்கொண்டே இருக்கும், ஆறு மாதத்தில் திரும்பி வரும், அப்போது கூலி கேட்க முடியாது. அதேபோல நீர்மூழ்கி மோட்டாரில் தண்ணீர் நிரம்பி ஓடுகிற வகைக்கு எனாமல் கம்பி ஆகாது, பாலி சுற்றிய கம்பி வேண்டும். சுற்று எண்ணிக்கையைப் பிரிக்கும்போதே எண்ணி நோட்டில் எழுத வேண்டும். இதெல்லாம் ஒரு பழைய மெக்கானிக்கிடம் விடுமுறை நாளில் சம்பளமில்லாமல் உட்கார்ந்து கற்பது. எந்தத் தொழிலுக்கும் இப்படி ஒரு ‘எரிந்த பகுதி’ இருக்கும். வண்டி ஓட்டத் தெரிந்தவருக்குத் திரும்பி வரும்போது லோடு பிடிப்பதுதான் அது.

டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆயிற்றே, தொழில் தொடங்க விடுவார்களா?

2020இல் வந்த அந்தச் சட்டம் துத்தநாகம், தாமிரம், அலுமினியம் உருக்கும் ஆலை, இரும்பு ஆலை, தோல் பதனிடுதல், கப்பல் உடைத்தல், எண்ணெய், எரிவாயு எடுக்கும் புதிய திட்டங்கள் போன்றவற்றைத்தான் தடுக்கிறது. உங்கள் மாவு மில்லை யாரும் தடுக்கமாட்டார்கள்.

புயல், வெள்ளம் வந்தால்?

2018 நவம்பர் 16 கஜா புயல் அன்று வேதாரண்யம் முதல் மன்னார்குடி வரை ஷெட் போட்டவர்கள் எல்லோரும் பாடம் படித்துவிட்டோம். தகரத்துக்கு ஜே போல்ட் நெருக்கமாகப் போடுங்கள். தரையில் எதையும் வைக்காமல் இரண்டடி உயரத்தில் சிமெண்ட் மேடை கட்டி அதில் மெஷினை வையுங்கள். கடைக் காப்பீடு எடுக்கும்போது தீ மட்டுமா, புயலும் வெள்ளமும் உண்டா என்று கேட்டு, வாடிக்கையாளர் விட்டுப்போன சாமானும் அதில் சேருமா என்று பாருங்கள். என் பட்டறையில் கார்த்திகை மாதம் இருப்பதில் பாதி அடுத்தவர் மோட்டார்.

வீட்டில் சம்மதிக்கவில்லை. பெண் பார்க்கிற நேரத்தில் வேலையை விடாதே என்கிறார் அப்பா.

அப்பா சொல்வது நடைமுறை. ‘மாப்பிள்ளை பெரிய கம்பெனியில்’ என்று சொன்னால், காண்ட்ராக்டா நிரந்தரமா என்று தரகர்கூடக் கேட்கமாட்டார். சொந்தக் கடை என்றால் வரவு செலவு வரை விசாரிப்பார்கள். அதற்காகத் தொழிலை நிறுத்த வேண்டியதில்லை, வார விடுமுறையிலும் ஷிப்ட் முடிந்தும் சிறிய அளவில் வேலை பிடியுங்கள். ஆறு மாத நோட்டை அப்பாவிடம் காட்டுங்கள். வரவு இவ்வளவு, கடனில் நிற்பது இவ்வளவு என்று எழுத்தில் பார்த்தால் அவரே வசூலுக்குக் கிளம்புவார், நம் அப்பாக்களுக்கு அது கைவந்த கலை. ஒன்று மட்டும் கவனம்: ஆலையின் ஸ்பேரோ கருவியோ உங்கள் பையில் வரக் கூடாது. ஊர் சின்னது.

ஓடவில்லை என்றால் திரும்பக் காண்ட்ராக்டுக்குப் போக முடியுமா?

போகலாம், ஷட்டவுன் வேலைக்கு (ஆலையை நிறுத்திப் பராமரிப்புச் செய்யும் வேலை) ஆள் தேடிக்கொண்டேதான் இருப்பார்கள். கடையை மூடாமல் அந்த ஒரு மாதம் மட்டும் போய்விட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள், மழை மாதத்தில் அது கெட்டிக்காரத்தனம்தான். போகும்போது பழைய யுஏஎன் நம்பரையே கொடுங்கள், புதிதாக ஒன்று உருவாக்க விடாதீர்கள். சூப்பர்வைசரின் போன் நம்பரையும் அழித்துவிடாதீர்கள்.